ஈஸி லெவல்

லிங்கராஜபுரம்
10 ஜூன் 2025

டென்சிலுக்கு,

வழக்கமாக 'இயேசுவுக்கே புகழ்' என்று எழுதித்தான் தொடங்குவேன். இந்தக் கடிதத்தின் தலையில் அவர் பெயரை எழுத மனம் வரவில்லை. உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். குடும்ப குரூப்பிலிருந்தும் வெளியே வந்துவிட்டேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ நடுவில் 'அக்கா, அக்கா' என்று குறுக்கே விழுவாய், கடைசியில் நான்தான் அழுவேன். காகிதத்தில் நீ குறுக்கே விழ முடியாது.

ஞாயிற்றுக்கிழமை உன் மகன் ஷெர்வினின் பிறந்த நாளுக்கு இரண்டு பஸ் மாறி, பரிசுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நானும் பிரிஸ்ஸியும் ஆனேக்கல் வரைக்கும் வந்தோம். வந்த இடத்தில் என் பெண்ணுக்கு நீ என்ன செய்தாய் என்று உனக்குத் தெரிகிறதா? இல்லை, அதையும் நானே சொல்ல வேண்டுமா?

பதினான்கு பிள்ளைகள், பதின்மூன்று நாற்காலிகள். நீ ஹாலின் மேடைப் படியில் நின்றுகொண்டு போனில் பாட்டைப் போட்டும் நிறுத்தியும் மியூசிக்கல் சேர் நடத்தினாய். முதல் சுற்றில் பிரிஸ்ஸி ஒரு நாற்காலிக்கு நேர் எதிரே வந்தபோது பாட்டு நின்றது. சந்தோஷப்பட்டேன். இரண்டாவது சுற்றிலும் அப்படியே. நான்காவது, ஐந்தாவது சுற்றில் எனக்கு முகம் சூடேறிவிட்டது. நீ அவளையே பார்த்துக்கொண்டு நிறுத்தினாய். அவள் நாற்காலி முனையைத் தாண்டினால் பாட்டு ஓடும். நாற்காலிக்கு முன்னால் வந்தால் நிற்கும்.

கடைசியில் அவளும் உன் கீழ் வீட்டு தர்ஷினியும் மட்டும். ஒரே நாற்காலி. அந்தப் பாட்டை எவ்வளவு நேரம் ஓடவிட்டாய்! தர்ஷினி முதுகுப் பக்கம் போகும்வரைக்கும், பிரிஸ்ஸி இருக்கைக்கு முன்னால் வரும்வரைக்கும். அந்தப் பெண் "அங்கிள், சீட்டிங்!" என்று கத்தியது. கத்தாமல் என்ன செய்யும்? அதன் அம்மா அதைப் பக்கத்தில் இழுத்து, "பாவம்மா, அந்தப் பாப்பாவுக்குக் காது கேக்காது. நீ பெரிய மனசு பண்ணி விட்டுக் கொடு" என்றாள். நீ சிரித்தபடி என் பெண்ணின் கையில் ஒரு கைக்கடிகாரத்தைக் கட்டினாய். எல்லோரும் கை தட்டினார்கள்.

காதில் மிஷின் மாட்டிய பிள்ளைக்கு உதடு படிக்கத் தெரியும் என்பது அங்கே ஒருவருக்கும் நினைவில்லை, டென்சில். 'பாவம்' என்ற சொல்லை அவள் எத்தனையோ உதடுகளில் படித்திருக்கிறாள்.

திரும்பும் பஸ்ஸில் எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டும்வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பிறகு கடிகாரத்தைக் கழற்றி என் பையில் போட்டுவிட்டுக் கேட்டாள். "அம்மா, மாமா ஏன் எனக்கு மட்டும் ஈஸி லெவல் போட்டாங்க?"

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல? நீயே சொல். கடிகாரத்தை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மரியா

*

ஆனேக்கல்
16 ஜூன் 2025

அக்காவுக்கு,

கடிதமும் கடிகாரமும் வந்தன. தமிழில் எழுதிப் பல வருஷம் ஆகிறது. பிழை இருந்தால் அதையும் என் குற்றப் பட்டியலில் சேர்த்துக்கொள்.

அன்றைக்கு நீ எப்படிக் கிளம்பினாய் என்பதை முதலில் சொல்கிறேன். தட்டில் பிரியாணி வைத்திருந்தது. என் பெண்டாட்டி பிலோ உன் பக்கத்தில் நின்று, "அண்ணி, பிள்ளையாவது ஒரு வாய் சாப்பிடட்டும்" என்றாள். அவளை ஏறெடுத்தும் பார்க்காமல் பிரிஸ்ஸியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். பிலோ அழுதாள். ஷெர்வின் வாசல்வரை ஓடிவந்து, "அத்த எதுக்குக் கோவமா போறாங்க?" என்று கேட்டான். அவனுக்கு அது பிறந்த நாள். அவன் செய்த தப்பு என்ன?

பார்த்து நிறுத்தினேன் என்கிறாய். சரி. பார்த்துத்தான் நிறுத்தினேன். பொய் சொல்ல மாட்டேன். அந்த ஹால் எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். தகரக் கூரை, ஒரு ஸ்பீக்கர், பதினான்கு பிள்ளைகளின் கூச்சல். பாட்டு நின்றாலும் கூச்சல் நிற்காது. அவள் காது மிஷினுக்கு இரண்டும் ஒரே இரைச்சல். நான் அவளைப் பார்க்காமல் நிறுத்தியிருந்தால் முதல் சுற்றிலேயே அவுட் ஆகியிருப்பாள். அப்போதும் இதே கடிதம்தான் எனக்கு வந்திருக்கும். 'என் பெண்ணை எல்லார் முன்னாலும் நிற்க வைத்தாய்' என்று. இல்லை என்று சொல், பார்க்கலாம்.

இன்னொன்று. இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். மார்ச் மாதம் உனக்கு மருந்துக்கடையில் ஆள் இல்லை என்று பிரிஸ்ஸியை ஸ்கூலிலிருந்து அழைத்து வர என்னை அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? அவளுடைய பி.டி. டீச்சர் என்னிடம் என்ன கேட்டார் தெரியுமா? "ஸ்போர்ட்ஸ் டே வந்தா மட்டும் இந்தப் பொண்ணுக்கு வருஷா வருஷம் காய்ச்சல் வருதே, என்ன சார்?" என்று கேட்டார். மூன்று வருஷம், மூன்று காய்ச்சல் லெட்டர். பி.டி. பீரியடில் அவள் லைப்ரரியில் உட்கார்ந்திருக்கிறாள், நீ எழுதிக் கொடுத்த இன்னொரு லெட்டரால்.

நான் ஒரு நாள், ஒரு ஆட்டத்தில், ஈஸி லெவல் போட்டேன். நீ அவளை ஆட்டத்துக்கே விடவில்லை. நம் இரண்டு பேரில் யார் அவளைப் 'பாவம்' என்று நினைக்கிறோம்?

கடிகாரம் என்னிடம் இருக்கிறது.

டென்சில்

*

லிங்கராஜபுரம்
21 ஜூன் 2025

டென்சிலுக்கு,

கேட்டுவிட்டாய். நல்லது. நான் எதற்குக் காய்ச்சல் லெட்டர் எழுதுகிறேன் என்று நீ கேட்பாய் என நான் கனவிலும் நினைக்கவில்லை. ஊரில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், நீ கேட்கக் கூடாது.

2021 கிறிஸ்துமஸ். கொரோனா அடங்கிப் பங்கு மக்கள் எல்லோரும் சர்ச்சில் முதல் தடவையாகக் கூடிய நாள். பிரிஸ்ஸிக்கு ஐந்து வயது. கோயில் வளாகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு இதே மியூசிக்கல் சேர் வைத்தார்கள். பாட்டு நின்றது. எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்துவிட்டார்கள். என் பெண் மட்டும் கையைத் தட்டிக்கொண்டு நாற்காலிகளைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். யாரும் நிறுத்தவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்கள், அவளும் சிரிக்கிறாள், இன்னும் வேகமாக ஓடுகிறாள். தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

அதை வீடியோ எடுத்தது யார்? 'நம்ம பிரிஸ்ஸி, நிக்காத ரயிலு' என்று எழுதிக் குடும்ப குரூப்பில் போட்டது யார்? அந்த வீடியோவில் எல்லாவற்றையும் விடச் சத்தமாகக் கேட்பது உன் சிரிப்பு. போனைப் பிடித்திருந்தவன் நீ; உன் வாய்தான் அதற்குப் பக்கத்தில் இருந்தது.

அப்போது யாருக்கும் தெரியாது என்பாய். தெரியாதுதான். எனக்கும் தெரியாது. பிடிவாதக்காரி, கூப்பிட்டால் திரும்ப மாட்டாள் என்று அவளை நானே எத்தனை முறை அடித்திருக்கிறேன்! உன் வீடியோவை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவள் கண்கள் எங்கே போகின்றன, தலை எப்போது திரும்புகிறது என்று பார்த்தேன். மறு வாரம் காது டாக்டரிடம் அதைத்தான் காட்டினேன். "கேக்குற சக்தி கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சிருக்கும்மா, நீங்க கவனிக்கல" என்றார் அவர். உன் சிரிப்புச் சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. டாக்டர் போனின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

உனக்கு விஷயம் தெரிந்த பிறகு நீ வந்தாய், பொம்மை வாங்கி வந்தாய், ஆரஞ்சு வாங்கி வந்தாய். அந்த வீடியோவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வருஷம் ஆகப்போகிறது. நான் அவளை ஆட்டத்துக்கு அனுப்பவில்லை, உண்மைதான். இன்னொரு தடவை அவள் தனியாக ஓடி, இன்னொருவன் போனைத் தூக்கிப் பிடிப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. உன் வீட்டு விழா என்பதால்தான் அன்றைக்கு ஆட விட்டேன். உன்னை நம்பினேன். அதற்கு நீ செய்தது இது.

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

மரியா

*

ஆனேக்கல்
2 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பத்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். கம்பெனியில் சாப்பாட்டு வேளையில் எழுதுகிறேன். வீட்டில் எழுதினால் பிலோ என் முகத்தைப் பார்த்துவிடுகிறாள்.

நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா? விஷயம் தெரிந்த அன்றைக்கே அந்த வீடியோவை என் போனிலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்து என்ன பயன்? குரூப்பில் நாற்பது பேர் பார்த்தாயிற்று. உன்னிடம் வந்து சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் கிளம்புவேன். பிரிஸ்ஸி ஓடிவந்து, "மாமா, என்னா வாங்கிட்டு வந்தீங்க?" என்று என் பையைப் பிடுங்குவாள். வாய் வராது. ஆரஞ்சைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இது கோழைத்தனம். சொல்லிக்கொள்கிறேன்.

பிறந்த நாளுக்கு மியூசிக்கல் சேர் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பிலோவைக் கேட்டுப் பார். ஷெர்வின் அடம் பிடித்தான். சரி என்று நாற்காலி போட்டதும் வரிசையில் முதல் ஆளாக வந்து நின்றது உன் பெண். பாட்டுப் போட போனை எடுத்தேன், அக்கா. இந்த போன் என் கையில் இருக்கிறவரைக்கும் அவள் அவுட் ஆகக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. தர்ஷினி என்று ஒரு பிள்ளை அங்கே ஆடுகிறது என்பதே எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஒன்று. நான் ஊர் மெச்சுவதற்காகச் செய்தேன் என்கிற மாதிரி முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய், 'எல்லோரும் கை தட்டினார்கள்' என்று. அதற்கு எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. தப்பு செய்தேன்; நாடகம் ஆடவில்லை.

நேற்று கீழ் வீட்டுக்குப் போனேன். தர்ஷினி மூன்று வாரமாக ஷெர்வினோடு பேசுவதில்லை. அவளை அவள் அம்மாவுக்கு முன்னாலேயே கூப்பிட்டு, "அன்னிக்கு அங்கிள் சீட்டிங்தான் பண்ணேன், நீ சொன்னது கரெக்ட்" என்றேன். "தெரியும் அங்கிள்" என்றாள். கடிகாரத்தை நீட்டினேன். வாங்கவில்லை. "எனக்கு இது வேணாம். கேமை மறுபடி வைங்க. அந்த அக்காவையும் கூட்டிட்டு வாங்க" என்றாள். 

பிரிஸ்ஸியிடம் மன்னிப்பு நானே நேரில் கேட்கிறேன். உன்னிடமும். தர்ஷினி கேட்டதை மட்டும் அவளிடம் சொல்லிப் பார். அவள் மாட்டேன் என்றால் விட்டுவிடு.

தம்பி,
டென்சில்

*

லிங்கராஜபுரம்
9 ஜூலை 2025

டென்சிலுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். நாலு வருஷத்துக் கோபம் பத்து வரியில் தீராது. நம்பரை மட்டும் திறந்துவிட்டிருக்கிறேன். அதற்காக உடனே கூப்பிடாதே.

பிரிஸ்ஸியிடம் சொன்னேன். யோசிக்கவே இல்லை, "ஆடுறேன்" என்றாள். நான்தான் விடவில்லை. "கண்ணு, பாட்டு நிக்கிறது உனக்குச் சரியா கேக்காதே" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார். "நான் எப்பம்மா பாட்ட கேட்டு ஆடினேன்? மாமாவோட வெரல பாத்துதான் ஆடினேன்" என்கிறாள். உன் கட்டைவிரல் போனில் அழுத்தியதும் உட்கார வேண்டியதுதானாம். அவ்வளவு நேரமும் உன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான், நீ ஒவ்வொரு தடவையும் அவள் காலைப் பார்த்து அழுத்துவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் இரண்டு பேரும் பாட்டையும் காதையும் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அவள் சொன்ன நிபந்தனைகளை அப்படியே எழுதுகிறேன். மாமா சுவரைப் பார்த்து நிற்க வேண்டும், திரும்பக் கூடாது. போனை முதுகுக்குப் பின்னால், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொள்ள வேண்டும். யாரும் அவளிடம் 'விரலைப் பார்க்காதே' என்று சொல்லக் கூடாது.

"அப்போ மத்த பிள்ளைகளும் வெரல பாப்பாங்களே?" என்று கேட்டேன்.

"பாக்கட்டும். அவங்களுக்குக் காதும்தான் இருக்கு. நான் அத கேட்டேனா?" என்றாள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், நீயாக யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன்னால். திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போய் அந்த பி.டி. லெட்டரைத் திரும்ப வாங்கிவிட்டேன். டீச்சர் கன்னடத்தில் முகத்தில் அடித்தாற்போல் கேட்டார். "யாக்கே மேடம், அவளு சென்னாகி ஓட்தாளல்லா!" எதற்கு இந்த லெட்டர், அவள் நன்றாக ஓடுகிறாளே என்று. லைப்ரரி ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, பெல் அடித்ததும் காரிடாரில் தனியாக ஓடிப் பார்ப்பாளாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் யாரையும் கேட்கவும் இல்லை. இது உன்னால் நடந்தது என்று பெருமைப்பட்டுக்கொள்ளாதே.

ஆகஸ்ட் பதினைந்து லீவு. இங்கே எங்கள் மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளலாம். தர்ஷினியை அவள் அம்மாவோடு கூட்டி வா. பிலோவிடம் சொல், அன்றைக்கு நான் அவளைப் பார்க்காமல் போனது தப்பு. பிரியாணி நானே செய்கிறேன்.

மரியா

*

லிங்கராஜபுரம்
17 ஆகஸ்ட் 2025

டென்சில்,

உனக்குக் கண் இருக்கிறதா இல்லையா?

நேரில் கேட்டிருப்பேன். தர்ஷினி அம்மாவுக்கு முன்னால் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீ வந்ததும் வராததுமாக பிரிஸ்ஸிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, அவளுக்கு உதடு தெரிகிற மாதிரி நிதானமாக மன்னிப்புக் கேட்டாய். அந்த வீடியோவையும் மறைக்காமல் சொன்னாய். அவள், "சரி மாமா, மொதல்ல சேர் போடுங்க" என்றாள். எனக்கு மனசு இளகிப்போயிருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் அப்போது சும்மா இருந்தேன். இப்போது இளக்கமெல்லாம் போயாயிற்று.

நீ மதில் சுவரைப் பார்த்து நின்றாய். போனைப் பின்னால் பிடித்தாய். ஒன்பது பிள்ளைகள். எங்கள் தெருப் பிள்ளைகளெல்லாம் வந்திருந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் இவள் உன் விரலைப் பார்த்துப் பார்த்து, காது கேட்கிற பிள்ளைகளுக்கு முன்னாலேயே உட்கார்ந்தாள். மூன்று பேர் மிச்சம், இரண்டு நாற்காலி. தர்ஷினி ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள். இன்னொன்றில் பிரிஸ்ஸியும் உன் மகனும். நீ திரும்பி வந்தாய், குனிந்தாய், பார்த்தாய், "ஷெர்வின் சேர்" என்றாய்.

எப்படி ஷெர்வின் சேர்? நாற்காலியில் மூன்றில் இரண்டு பங்கு அவளிடம் இருந்தது! நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு முதுகில் கண் இல்லை. எனக்கு முன்னால் இருக்கிறது. அவள்தான் முதலில் உட்கார்ந்தாள். அவன் பின்னால் வந்து இடித்தான். பெற்ற பிள்ளை என்றதும் நியாயம் வளைந்துவிட்டதா?

அவள் போட்ட சத்தத்தை நீயும்தான் கேட்டாய். "நான்தான் ஃபர்ஸ்ட்! நான்தான் ஃபர்ஸ்ட்!" என்று எதிர் வீட்டு ஜன்னலெல்லாம் திறக்கும்படி கத்தினாள். அவ்வளவு சத்தமாக அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. தர்ஷினி ஜெயித்தபோது கை தட்ட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு அந்தப் பெண்ணே வந்து, "எனக்கும் அன்னிக்கு இப்டித்தான் இருந்துச்சு" என்றதும், இரண்டும் சேர்ந்துகொண்டு தொட்டி நிழலில் உட்கார்ந்து உன்னைத் திட்டின. காதாரக் கேட்டேன். நான் தடுக்கவில்லை.

நேற்றும் இன்றும் இதே பேச்சுதான். சாப்பாட்டு மேஜையில் ஸ்டூலைப் போட்டு, ஷெர்வின் எங்கே உட்கார்ந்தான், தான் எங்கே உட்கார்ந்தேன் என்று அவள் அப்பாவுக்கு நடித்துக் காட்டுகிறாள். தீர்ப்பை மாற்று. இல்லையென்றால் காரணம் எழுது.

மரியா

*

ஆனேக்கல்
22 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ்.

காரணம் கேட்டாய், எழுதுகிறேன். அவளிடம் இருந்தது மூன்றில் இரண்டு பங்கு நாற்காலி இல்லை, ஷெர்வினின் இடது தொடை. அவள் உட்கார்ந்தது அவன் மேல். அவன் அரை நொடி முந்தி உட்கார்ந்திருந்தான். நான் குனிந்து பார்த்தது அதைத்தான். நீ தொட்டிப் பக்கம் நின்றாய். அங்கிருந்து உனக்குத் தெரிந்திருப்பது அவளுடைய முதுகும் பாவாடையும் மட்டும். நீ அவளுக்கு அம்மா, சாட்சி இல்லை.

பெற்ற பிள்ளை என்று நியாயம் வளைந்ததா என்று கேட்கிறாய். வளைக்கத்தான் பார்த்தேன், அக்கா, ஆனால் அவன் பக்கம் இல்லை. திரும்பியதும் அவள் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு, நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'பிரிஸ்ஸி சேர்' என்று நாக்கின் நுனிவரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் ஷெர்வின் கொஞ்சம் முனகியிருப்பான், அவ்வளவுதான். நீயும் ஜூன் மாதம் போலக் கோபப்பட்டிருக்க மாட்டாய். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அதனால்தான் முகத்தை விட்டுவிட்டுக் குனிந்து நாற்காலியைப் பார்த்தேன்.

தீர்ப்பை மாற்ற மாட்டேன். அவள் அவுட்.

இதை அவளிடம் நீ படித்துக் காட்டு. ஒத்துக்கொள்ள மாட்டாள். நேற்று ஷெர்வின் போனில் அவளுடைய செய்தி வந்தது. 'மாமாவுக்கு ரூல்ஸ் தெரியாது' என்று எழுதி, அதற்குக் கீழே நாற்காலி படம் ஒன்று வரைந்து, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று அம்புக்குறி போட்டிருக்கிறாள். படமே தப்பு. அவன் காலை அவள் வரையவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்லை. வந்து சண்டை போடச் சொல்.

தம்பி,
டென்சில்